தூணோரத்து வாங்கு

கர்த்தாவே,
இன்று முழங்காலில் நிற்க ஏலாது.
மூன்றாவது மருந்தும் ஏற்றிவிட்டு
நேற்றுத்தான் மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்தேன்.
பஸ் கல்லாறு வந்து சேரும்வரை
ஒரு ஷொப்பிங் பேக்கை என் வாயருகே பிடித்தபடி
நின்றுகொண்டே வந்தார் இவர்.
படுத்தபடி பேசுகிறேன். கேளும்.
எனக்காக அல்ல.

இவர் உம்மோடு கோபம்.
அந்த ஞாயிறு
எமீமாவுக்குச் சப்பாத்து வார் பூட்டி
ஓய்வுநாள் பாடசாலைக்கு அனுப்பியது இவர்தான்.
ஒன்பது மணி போலக் கடல் வந்தது.
"இறுக்கிப் பூட்டிற்றனோ,
ஓடக்குள்ள கால் நொந்திருக்குமோ"
இப்போதும் சில இரவுகளில் எழும்பியிருந்து கேட்கிறார்.
நான் இல்லை என்கிறேன்.
எனக்கு எப்படித் தெரியும்?

யோபுவுக்கு எல்லாம் போய் முடிந்தபின்
நீர் கொடுத்த மகளின் பெயர் அது.
நாங்கள் முதலிலேயே வைத்துவிட்டோம்.
"வரிசை பிழைச்சிற்று" என்று
ஒரேயொரு முறை சொன்னார்.
பிறகு உம்மைப் பற்றி
இந்த வீட்டில் அவர் வாயால் பேச்சில்லை.

ஆனாலும் பதினெட்டு வருஷம்
ஒரு ஞாயிறு தவறாமல்
என்னைச் சைக்கிளில் ஏற்றி வந்து
உம்முடைய கேற்றடியில் இறக்கினார்.
மாரி வெள்ளம் ரோட்டை மூடின நாளில்
நான் சீற்றில் இருக்க,
முழங்கால் தண்ணீரில் உருட்டிக்கொண்டு வந்தார்.
உள்ளே வரமாட்டார்.
பூவரச மரத்தடியில் நின்று
விரலில் காய்ந்த வார்னிஷை உரித்துக்கொண்டிருப்பார்,
மோட்டர் சுற்றுகிற கை.

யவீருவின் மகளை வாசிக்கும் ஞாயிறுகளில்
நான் வேதத்தை மூடி வைத்துவிடுவேன்.
வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்து,
ஒன்றும் கேட்காமல்,
தேத்தண்ணிக் கடைப் பக்கம் சைக்கிளைத் திருப்புவார்.
எந்த வாசிப்பு என்று
இவருக்கு யார் சொன்னது?

போன ஞாயிறு எழும்ப முடியவில்லை.
காணிக்கை உறையை நீட்டி
"கேற்றடியில ஆரிட்டயும் குடுங்க" என்றேன்.
போனவர் வர நேரமாகிவிட்டது.
வந்து, சேர்ட்டைக் கழற்றி ஆணியில் கொழுவி,
"உன்ட தூணோரத்து வாங்குக்கு மேல
பேன் சுத்துதில்லகா" என்றார்.

அது கன காலம் என்றேன்.

"ஊர்ப் பேனெல்லாம் என்ட கடைக்கு வருது.
நீ வேர்த்து வேர்த்து இருந்திருக்காய்.
ஒரு வார்த்தை சொல்லல்ல."

சொல்லியிருந்தால்
உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டதாய் ஆகியிருக்கும்.
அதுதான் சொல்லவில்லை.
என்ன பிரசங்கம் என்று கேட்டேன்.
"பேனைத்தான் பாத்தன்."

செவ்வாய்க்கிழமை ஏணியோடு போனாராம்.
பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றப் போன
நவமணி வந்து சொன்னாள்.
ஏணி உச்சியில் நின்று ஏசிக்கொண்டிருந்தாராம்:
"உன்னோட எனக்குக் கதையில்ல.
இது அவளுக்கு."
கோயிலுக்குள் வேறு யாரும் இல்லையாம்.

கர்த்தாவே, இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.
பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு
உம்மோடு வாய் திறந்திருக்கிறார்.
ஏச்சென்றாலும் ஏற்றுக்கொள்ளும்.

கப்பாசிட்டரை மாற்றி, எண்ணெய் விட்டு,
சுவிச்சைப் போட்டதும்
தூசியும் பல்லி முட்டைக் கோதும்
வாங்கெல்லாம் கொட்டிற்றாம்.
போட்டிருந்த சேர்ட்டைக் கழற்றித் துடைத்தாராம்.
பிறகு என் இடத்தில் இருந்தாராம்,
ஆட்டமில்லாமல் சுற்றுகிறதா என்று பார்க்க.
முக்கால் மணித்தியாலம்.
கதவு சாத்த வந்த நவமணி
சாத்தாமல் திரும்பினாளாம்.

ஒரு பேனைச் சோதிக்க
அவ்வளவு நேரம் தேவையில்லை.
கடைக்காரன் பெண்சாதி, எனக்குத் தெரியும்.
நான் கேட்கவில்லை.
நீரும் கேளாதேயும்.

இன்னும் மூன்று மருந்து இருக்கிறது.
அதைப் பற்றியும் பேச வேண்டும், ஆனால்
குசினியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.
உப்புப் பார்த்துவிட்டு
கஞ்சியோடு வருகிறார்.
ஆமென் பிறகு சொல்கிறேன்.