மார்கழிக் கடிதம்

நீங்கள் வந்து பதினொரு நாளாகிறது.
மொரப்பூரில் இறங்கி, டிரங்குப் பெட்டியோடு
காரிமங்கலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தீர்களாம்.
வந்ததிலிருந்து போரைப் பற்றிச் சொன்னது
அந்த ஊர் மீன் முள்ளைப் பற்றி மட்டும்தான்.

இன்று ரத்தினவேலு மணியடிக்காமல் வந்தார்.
சண்டை நடந்த நாளெல்லாம்
தெருமுனையிலேயே அடிப்பார் சைக்கிள் மணியை:
தந்தி இல்லை, கடுதாசிதான் என்று
எனக்கு முன்கூட்டியே தெரியட்டுமென்று.
இன்று அதற்கு வேலை இல்லை.
நீங்கள் கிணற்றடியில் சவரம் செய்துகொண்டிருந்தீர்கள்.

ஸ்டாம்பு ஒட்டாத உறை.
ஐம்பத்தாறு ஏ.பி.ஓ.
உங்கள் கையெழுத்து.
எங்கெங்கோ சுற்றி, ஒரு மூலை நனைந்து காய்ந்து,
பங்குனியில் வந்து சேர்கிறது மார்கழி.

"பழசு, பிரிக்காதே"
என்றீர்கள், பாதிக் கன்னத்தில் நுரையோடு.
மேலே எழுதியிருப்பது என் பெயர்.
பிரித்தேன்.

இரண்டு வரி கறுப்பு மையில் மூழ்கியிருந்தது.
ஏதோ ஆற்றின் பெயராக இருக்கும்.
மீதி வரிகளில்
நீங்கள் செத்துப்போயிருந்தீர்கள்.
பதறாமல், கணக்காக.
சொசைட்டிக் கடன் முந்நூற்றுப் பத்து.
கிடாரியைச் செவ்வாய்ச் சந்தையில் விற்கலாம், கறவையை விற்காதே.
மோட்டாரில் அண்ணன் பங்கு கேட்டால்
ரசீது பரணில், அவரை விதைக் குடுவைக்குள்.

அப்புறம், பேனா நின்று நின்று:
"சேலத்தில் நர்ஸு படிப்பு என்றாயே, சேர்ந்துகொள்.
அம்மா அழுவாள். அழட்டும்.
வெள்ளை உடுத்தாதே.
நர்ஸு உடுப்பு என்றால் மட்டும் உடுத்து."

ஐப்பசியில் நான் இதையே கேட்டு
நாலு பக்கம் எழுதியிருந்தேன்.
பதில் ஒரே சொல் வந்தது. பார்க்கலாம்.

படித்துக் காட்டினேன்.
ரேசரைத் தண்ணீரில் அலசினீர்கள்,
ரொம்ப நேரம் அலசினீர்கள்.
"அது நான் இல்லையென்றால்.
நான்தான் வந்துவிட்டேனே."

வந்துவிட்டீர்கள்.
இந்த இரவுகளில் உங்கள் மூச்சு நிற்கிறதா என்று
மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பவள் நான்.
அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் காகிதத்தில் ஒருவர் இருக்கிறார்.
குண்டுச் சத்தத்துக்கு நடுவே
நான் கேட்டதை ஞாபகம் வைத்திருந்தவர்.
அவருக்கு யாராவது பதில் போட வேண்டாமா?

போட்டுவிட்டேன், அதே முகவரிக்கு.
"கடிதம் கிடைத்தது. சரி.
ஆனி மாதம் சேருகிறேன்.
கறவையை விற்கவில்லை."

அங்கே ஆளில்லை என்று
இங்கேயே திருப்பி அனுப்புவார்கள்.
அனுப்பட்டும்.
ரத்தினவேலுவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்,
அன்றைக்கு மணியடிக்கச் சொல்லி.
நீங்களே போய் வாங்குங்கள்.