தகவல் தந்தவன்

எனக்கு வேண்டியிருந்தது
ஒரு கடைவாய்ப் பல்லுக்கு வைத்தியம்.
எங்கள் ஆஸ்பத்திரியில் பணம் கேட்கமாட்டார்கள்,
அட்டை கேட்பார்கள்.
அட்டைக்கு எண் வேண்டும்.
எண்ணுக்குச் செத்துப்போன ஒருவர் வேண்டும்.

கோழி ஆலையில் இரவு ஷிப்ட் முடித்த கையோடு
டாலக்வாவுக்கு வண்டியை விட்டேன்.
விரலெல்லாம் ப்ளீச் வாடை.
மேசையிலிருந்த ட்வைலா முகம் சுளிக்கவில்லை;
காகிதக் கட்டை என் பக்கம் நகர்த்தவும் இல்லை.
மைக்ரோஃபிலிம் சுருள் ஒன்றைத் தந்தாள்.

கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு ஓடுகிறது,
கறுப்பில் வெள்ளை எழுத்தாக.

சலோலி என்றால் செரோக்கியில் அணில்.
சலோலியின் மூத்த மகனுக்குப்
பொருள் கேட்டு எழுதியிருக்கிறார் எழுத்தர்:
நெட் ஸ்குவிரல்.
இளையவனுக்கு வரும்போது சாப்பாட்டு நேரம் போலும்.
காதில் விழுந்ததே பெயர்:
லெவி சார்லி.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்
ஒரு பகலில் இரண்டு வம்சம்.

ரத்தக் கட்டத்தில்
நெட்டுக்கு முழுசு, லெவிக்கு முக்கால்.
அந்தக் கால் பங்கை
எந்த ஓடை தாண்டும்போது சிந்தினான் லெவி?

அப்பா குடித்தால் சொல்வார்,
குடிக்காதபோதும் சொல்வார்:
'நம் பெயர் எவன் தாளிலும் இல்லை.'
பொது நிலத்தைக் கூறு போட்டுத்
தலைக்கொரு துண்டு தர
டாஸ் கமிஷன் கூடாரம் அடித்தபோது
நெட் மலைக்குள் போய்விட்டார்.
மூன்று குளிர்காலம்.
ஹிக்கரிக் கொட்டையும் அணில் கறியும்.
(அணில் அணிலைத் தின்றது என்று அப்பா சிரிப்பார்.
அந்த இடத்தில் நாங்களும் சிரிக்க வேண்டும்.)

ஆகவே நான் தேடியது
இல்லாத ஒன்றை.
இல்லை என்று ட்வைலா சொல்லிவிட்டால்
கடனுக்குப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

இருந்தது.

நெட். மனைவி ஜென்னி. மகள் ஆறு வயது.
ஆண் குழந்தை, இரண்டு மாதம்,
பெயர் இன்னும் இல்லை.
அடியில் சாய்வெழுத்தில்:
நேரில் வரவில்லை.
தகவல் தந்தவர் ஈலை கிரிட்ஸ்.

பெயரில்லாத அந்தக் குழந்தைதான்
என் அப்பாவைப் பெற்றவர்.

ஈலை கிரிட்ஸ்,
யார் நீ?
எங்கள் வீட்டு எந்தக் கதையிலும் நீ வரவில்லை.
எவ்வளவு வாங்கினாய்?
வாங்கவே இல்லையா?
மலையில் ஒளிந்தவனின் வயதைப்
பகையாளியும் சொல்லிவிடுவான்.
பிறந்து எட்டு வாரம், இன்னும் பெயர் வைக்கவில்லை என்பதைத்
தொட்டில் பார்க்கப் போனவன் அல்லவா சொல்ல முடியும்?
அவர்கள் ரொட்டியைத் தின்றுவிட்டுச் சொன்னாயா?
இவர்கள் இல்லாமல் போய்விடக்கூடாதே என்று சொன்னாயா?

நெட்டுக்குப் பட்டா தபாலில் வந்தது.
பிரிக்காமல் திருப்பி அனுப்பினார்.
இரண்டாம் முறையும்.
உறையின் படம் அடுத்த சட்டத்தில் இருக்கிறது;
'பெற மறுத்தார்' என்ற முத்திரை
சற்றுக் கோணலாக.

அவர் மறுத்ததை நான் வாங்கப் போகிறேன்,
ஒரு பல்லுக்காக.

ட்வைலா படிவத்தைத் தள்ளினாள்.
முழுசு, முழுசு, அரை,
நான் கால்.
என் மகன் அரைக்கால்.
அவன் பிள்ளை மாகாணி.
குலம் என்று ஒரு கட்டம் இல்லை.
இருந்தாலும் நிரப்பியிருக்க முடியாது.
குலம் தாய்வழி வருவது;
அப்பாவைப் பெற்றவள் கேன்சஸ் வெள்ளைக்காரி.
தாள் அப்பன் பெயரைக் கேட்கும்,
குலம் அம்மா பெயரைக் கேட்கும்.
எனக்குத் தாள்தான்.

தகவல் தந்தவருக்கும் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
ட்வைலா பார்த்தாள்.
அழிக்க ரப்பரை எடுத்தாள்,
பிறகு அதை மேசையிலேயே வைத்துவிட்டுப்
படிவத்தைத் தட்டில் போட்டாள்.

ஆறு வாரமாகும் என்றாள்.
எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
பல் இன்னும் வலிக்கிறது.
இன்றிரவு கையுறைக்குள் வியர்க்கும்,
பெயரில்லாத குழந்தையின் எண்.