கீழ்நோக்கிய வாய்

வண்டி ஓட மின்சாரம்,
நிற்கக் காற்று.
சொன்னால் அக்கா மகன் சிரிக்கிறான்,
காற்றா, அவ்வளவு பெரிய ரயிலையா என்று.

எட்டுக்கு இறங்கினால் கம்ப்ரசர் விழிக்கும்
பத்தைத் தொட்டால் அடங்கும்.
இடையில் அது இழுப்பது எங்கள் ஊர்க் காற்றை.
கூடல்நகர் யார்டில் மூட்டை இறக்கிய சிமெண்டுத் தூள்,
வாடிப்பட்டியில் நெல் அடித்த சுணை,
செக்கானூரணி தாண்டினால் செம்மண்.
ஆண்டிபட்டிக் கணவாயில் ஆடிக்காற்று
எதிரே வராது,
பக்கவாட்டில் வந்து சட்டையைப் பிடிக்கும்.

அப்புறம் ஐப்பசி.
பழைய வடிகட்டியின் காகித மடிப்புகள்
நமுத்த அப்பளமாய் ஒட்டிக்கொண்டன.
தொட்டியின் வடிகுழாயைத் திறந்தால்
காற்றுக்கு முன்னால்
காப்பி நிறத்தில் தண்ணீர்.
“ஒரு சொம்பு இருக்கும்” என்றார் ஃபிட்டர் மொக்கராசு.
அறிக்கையில் அதை லிட்டராக்கினேன்.

கப்பலூர் தொழிற்பேட்டை,
தகரக் கூரைக்குக் கீழே என் மேசை.
மேலே ஒரு குடை போட்டால் போதுமே என்றார் முதலாளி.
மழை மேலிருந்து வருவது
நிற்கிறவர்களுக்கு.
நூறு கிலோமீட்டர் வேகத்தில்
அது படுத்துக்கொண்டு வரும்,
சக்கரத்தடியில் பட்டுத்
தரையிலிருந்தும் பெய்யும்.

வாயைக் கீழே திருப்பினேன்.
அகலமாக்கினேன்.
அவசரமாய் உறிஞ்சினால் துளியும் தொற்றிக்கொண்டு ஏறும்.
மெல்ல இழுத்தால் காற்று மட்டும் வரும்,
தண்ணீர் தன் கனத்திலேயே தங்கிவிடும்.
விளிம்பில் ஒரு மடிப்பு, வழிகிற நீர் அங்கேயே சொட்ட.
உள்ளே இரண்டு திருப்பம்.
அடியில் ஒரு துளை, ஆறு மில்லி.

லோடு தண்ணீர் எழுநூறு ரூபாய்.
ஒரு மணி நேரம் குழாயை நாலு பக்கமும் பிடித்தோம்.
வெல்டர் ஜெபமாலை தலையிலிருந்து கால்வரை நனைந்தார்.
கவசத்துக்குள்ளே ஒரு கிண்ணத்தில்
கோலமாவு வைத்திருந்தேன்.
திறந்து ஊதினேன்.
பறந்தது.

மார்கழியில் போன்.
“மேடம், ஓட்டை அடைச்சிருக்கு.”
சக்கரத்துக்காக இருபது நாள்
ஷெட்டில் காத்துக் கிடந்த வண்டி.
டார்ச் அடித்தேன்.
துளை நிறைய மண்,
விரல் வைத்து மெழுகியதுபோல் வழுவழு.
ஸ்குரு டிரைவரால் நெம்பினால்
உள்ளே மயங்கிய பச்சைப் புழு மூன்று,
அரிசிக் குருணைபோல் ஒரு முட்டை.

குளவி.
நனைந்த ஜில்லா முழுக்கத் தேடி
ஒரு சொட்டும் படாத இடம் என்று
என் வடிவமைப்புக்கு முதலில் சான்று கொடுத்தவள்.
சீல் வேறு வைத்திருக்கிறாள்.
மொக்கராசு கூட்டை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுக்
கழிவுப் பஞ்சுக்கு மேல் வைத்தார்.
பொரிக்குமா என்று நானும் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

இப்போது துளைக்கு பதில்
வாத்தலகு மாதிரி ஒரு ரப்பர் உதடு.
உள்ளே நீர் சேர்ந்தால் திறக்கும்,
வெளியே யார் தட்டினாலும் திறக்காது.
விலை நூற்றுப் பத்து.
வரைபடத்தில் திருத்தம் மூன்று,
காரணம் என்ற கட்டத்தில் ‘குளவி’ என்று எழுதினேன்.
மேலிடத்திலிருந்து சிவப்பு மையில்
‘அயல்பொருள்’ என்று திரும்பி வந்தது.

செக்கானூரணி மண்ணைப்
பசுமலைப் பக்கத்துக் குளவி
எச்சிலில் குழைத்திருக்கிறது.
இதில் அயல் என்றால்
ஆறு மில்லிதான்.
வாதாடவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

நேற்று இரவு திருமங்கலம் கேட் மூடியிருந்தது.
சிக்னலுக்காக ஒரு சரக்கு வண்டி நின்றது
தூறலில்.
கம்ப்ரசர் எழுந்தது.
ஸ்கூட்டரை அணைத்துவிட்டு எண்ணத் தொடங்கினேன்,
எட்டிலிருந்து பத்துக்கு எத்தனை நொடி என்று.
நாற்பத்தொன்றில் பின்னாலிருந்த ஆட்டோ ஹார்ன் அடித்தது,
கேட் திறந்துவிட்டதாம்.
எஞ்சின் நம்பரைப் பார்க்க மறந்துபோனேன்.