வீக்கம் வடியட்டும்

கார்த்திகைப் புயல் முறித்த வாதா மரத்தை
மாநகராட்சி ஆட்கள் துண்டு போட்டு ஏற்றிப் போனார்கள்.
முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டை மட்டும்
கொளத்தூரில், என் கிளினிக் வாசலில் மிச்சம்.
"வேரு எங்க வேலை இல்லீங்க டாக்டர்"
ரம்பத்தைத் துடைத்தபடி ஒருவர் சொன்னார்.

பல்வலியோடு வந்தவர்கள்
கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அதில் இடித்துக்கொண்டார்கள்.
மாடி வீட்டு வைத்தீஸ்வரன்
காரை உள்ளே விட முடியாமல்
தினம் ஒருமுறை என்னைப் பார்த்து இருமினார்.

சித்திரையில் இரண்டு பேரை அழைத்தேன்.
களிமண் காய்ந்து பாறையாகியிருந்தது.
கடப்பாரை விழுந்த இடத்தில் பொறி பறந்தது,
மண் பறக்கவில்லை.
பத்து மணிக்கே நிழல் தேடினார்கள்.
தேடிய நிழலின் அடியைத்தான் தோண்டிக்கொண்டிருந்தோம்
என்று மூவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும்,
யாரும் பேசவில்லை.
மோர் குடித்தார்கள். பாதிக் கூலி வாங்கிப் போனார்கள்.

ஆவணியில் ஒரு மாலை இடிமழை.
நாலாம் நாள் கட்டையின் ஓரத்தில் இரண்டு இலை.
ஐந்தாம் நாள் இல்லை.
யார் கிள்ளியது என்று நான் கேட்கவில்லை,
வைத்தீஸ்வரன் அன்று இருமவுமில்லை.

புரட்டாசியில் வந்தார் எத்திராஜ்,
கடைவாய் வீங்கி, வாய் ஒரு விரல்தான் திறந்தது.
"இப்பவே புடுங்கிடுங்க."
இப்போது பிடுங்கக் கூடாது என்றேன்.
ஐந்து நாள் மாத்திரை. வீக்கம் வடியட்டும்.
வெளியே போனவர் கட்டையைக் காலால் தட்டிவிட்டுத்
திரும்பி வந்தார்.
மரம் அறுப்பதும் வேர் எடுப்பதும்தான் தொழிலாம்.
"இதுவும் இப்ப வாணாம் டாக்டர்.
ஐப்பசில நோண்டுனா குழி குட்டையாயிடும்,
காம்பவுண்டு சுவரு உக்காந்துடும்.
தை வரட்டும்.
மேல காஞ்சிருக்கும், உள்ள ஈரம் நிக்கும்.
அப்ப கேட்டா குடுக்கும்."

மழை வந்தது.
இரண்டாம் படி வரை தெருத் தண்ணீர்.
யாரோ ஒரு ஜோடி செருப்பைக்
கட்டையின் மேல் ஏற்றி வைத்துவிட்டு
வெறுங்காலோடு போயிருந்தார்கள்.
மூன்று நாள் அது அங்கேயே இருந்தது.

மாட்டுப் பொங்கலுக்கு மறுவாரம்
கோடரி, செயின் பிளாக், கூட ஒரு மச்சான்.
எத்திராஜ் இழுக்கவே இல்லை,
மண்ணை மட்டும் விலக்கிக்கொண்டே போனார்.
எலும்பிலிருந்து பல்லை நானும் அப்படித்தான்.
மண் புட்டு மாதிரி உதிர்ந்தது.
மூன்று வேர் மதியத்துக்குள் முடிந்தது.
நான்காவதுக்கு என்னைக் கூப்பிட்டார்.

குனிந்து பார்த்தேன்.
மெட்ரோ வாட்டர் குழாயைச் சுற்றி இரண்டு சுற்று.
கீழ்த்தாடையில் நரம்பைக் கட்டிக்கொண்ட ஞானப்பல்லை
எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறேன், அதே பிடி.
இணைப்பு விட்டு எத்தனை வருடமோ,
கசிவைக் குடித்தபடியே
அடைத்தும் வைத்திருந்தது.
"வெட்டவா?"
நோயாளிகளிடம் நான் ஒருநாளும் விடாத கேள்வி.
நாற்காலியில் இப்போது நான்.

வேரை உள்ளேயே விட்டுவிடும் முறை ஒன்று
எங்கள் படிப்பிலும் உண்டு.
இருபுறமும் ஒரு சாண் விட்டு வெட்டச் சொன்னேன்.
குழாய்க்குக் கட்டுப் போட்ட மாதிரி அது மட்டும் நின்றது.
"மக்குற வரைக்கும் தாங்கும்.
அதுக்குள்ள மனு போட்டுடுங்க."

குழியில் ஒன்றரை லோடு மணல்.
அடுத்த மழைக்கு இறங்கும் என்று எத்திராஜ் சொன்னதால்
அரை லோடு மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போட்டு இருக்கிறது.
கூலியை எண்ணும்போது கேட்டேன், பல் எடுத்த இடம் எப்படி?
நாக்கு இன்னும் அங்கேயே போவுது என்றார்.
இரவு ஷட்டரை இறக்கிவிட்டு இருட்டில் நடந்தால்
என் கால் இன்னும் வளைந்துதான் போகிறது,
வைத்தீஸ்வரன் காரில் இடித்துக்கொள்கிறேன்.

மனு போட்டாயிற்று.
சித்திரையில் வந்து தோண்டுகிறார்களாம்.