உரைகல்

பாறசாலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மாடியில் பணயக்கடை.
பலகை மலையாளத்தில், பேரம் தமிழில்,
வட்டி இரண்டுக்கும் பொது.
பத்தொன்பது வருசமாய் அங்கே பொன் உரசுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை
இஞ்சிவிளை சபையில் பிரசங்கிக்கிறவனும் நான்தான்.
நூற்றுப் பதினைந்தாம் சங்கீதம் மனப்பாடம்.
வாய் இருக்கும், பேச்சிருக்காது;
மூக்கு இருக்கும், மணம் ஏறாது
என்று குரல் உயரும்போது
ஜன்னல் வழியாக விரல் நீட்டுவேன்:
முக்கில் மாதா கெபி,
அதற்கப்பால் இசக்கியின் ஆலமரம்.
சபை ஆமென் என்னும்.

அதை நம்புகிறவன் அதுவாகவே போவான்
என்கிற எட்டாம் வசனத்துக்கு
எப்போதும் நேரம் பத்தாது.

கர்க்கடக மழையில் ஒருநாள்
ரேஷன் கடை மெஷின் என் விரலை ஏற்கவில்லை.
கட்டைவிரல், ஆள்காட்டி, இடது, வலது.
"ஸாறுக்கு ரேகையே இல்லியே" என்றான் பையன்.
திராவகம் தின்ற விரல்கள்.
சட்டையில் துடைத்துக்கொண்டேன்,
துடைத்தால் வந்துவிடும் போல.

அன்று ராத்திரி மீன்சட்டி கரிந்து
புகை வாசல்வரை வந்தும்
கணக்கு நோட்டிலிருந்து நான் தலை எடுக்கவில்லையாம்.
"மூக்கு என்னத்துக்கு வச்சிருக்கு?"
கிறேஸ் கத்தினாள்.
எங்கேயோ கேட்ட வரியாக இருந்தது.

மறுநாள் செல்லபாய் மாடி ஏறி வந்தாள்,
கெபிக்குத் தினமும் திரி கொளுத்துகிறவள்.
முந்தானை முடிச்சுக்குள் ஒரு சங்கிலி,
அதில் முகம் தேய்ந்துபோன சுரூபம்.
உரசினேன். துளி விட்டேன்.
"சங்கிலி தொள்ளாயிரத்துப் பதினாறு.
சுரூபம் செம்பு. கழியும்."
"கழியட்டு. அது வைக்கதுக்கு இல்ல,
களத்தித் தாரும்."

பாரத்தில் ஒரு கட்டம் உண்டு, காரணம் எழுத.
பேனாவைத் திறந்தேன்.
"றாபின்சனுக்குக் கிட்னிக்கு.
நெய்யாற்றின்கரையில கெடக்கான்.
ஒங்க சபையாள்தானே,
ஒமக்குத் தெரியாதா?"

மூன்றாம் பெஞ்சின் ஓரம்.
ஓணத்துக்கு முந்தியே காலி.
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மருத்துவம்" என்று எழுதினேன்.
செம்பைக் கழற்றி அவள் கையில் வைத்தேன்.
உதட்டில் ஒற்றி, ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

தராசில் சங்கிலி:
பதினொன்று புள்ளி நானூறு.
மடியிலிருந்து அப்போதுதான் எடுத்தது,
சூடாக இருந்திருக்கும்.
இரண்டாம் தரம் கையில் எடுத்தேன்,
மூன்றாம் தரமும்.
எடை மட்டும் தெரிந்தது.