விதிமீறல் இல்லை

தர்மபுரி கலெக்டர் ஆபீஸ், பின்கட்டிடம்.
ஜன்னல் இல்லாத அறையில் ஆறு கம்ப்யூட்டர்,
ஒரே மின்விசிறி, அதுவும் திம்மராஜ் பக்கம்.
உள்ளாட்சித் தேர்தல் முடியும்வரை
நாளுக்கு அறுநூறு ரூபாய்.
ஊரார் போட்ட பதிவுகளைப் படித்து
ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும்.

இன்று காலை வந்தது பச்சியம்மாளின் வாய்.
பென்னாகரம் பக்கம் ஏதோ ஒரு வார்டு.
ஓட்டுக் கேட்டுச் சிரித்த படத்தில்
பல்லை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி
'இந்த வாயா நமக்காகப் பேசும்?'
அதற்குள் நாலாயிரம் பேர் சிரித்திருந்தார்கள்.

பொய்யா?
இல்லை. பல் அப்படித்தான்,
துருவேறிய தகரம் மாதிரி, குறுக்கே கோடு கோடாக.
எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு அப்படித்தான்.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்
"பொண்ணு பேசவே பேசாதா?" என்று கேட்டுவிட்டு
காபியை முடித்துக்கொண்டு போனார்கள்.

சாதி சொன்னதா? இல்லை.
மதம்? மிரட்டல்? இல்லை, இல்லை.
படத்தைத் திரித்ததா?
வெட்டினால் திரித்ததில் சேருமா என்று
திம்மராஜைக் கேட்டேன்.
"டீ வந்துடுச்சு பாரு" என்றான்.
படிவம் தயாரித்தவர்
நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்தவராக இருக்கும்.

விதிமீறல் இல்லை.

அடுத்தது அவள் ஆள் ஒருவன் போட்டது.
மேல்நிலைத் தொட்டி, புதுசாக நீலச் சாயம்.
'அக்கா சொந்தக் காசில் கட்டியது.
இனி நம்ம பிள்ளைங்க பல்லு முத்து.'
அந்தத் தொட்டியை எனக்குத் தெரியும்.
நான் மூன்றாவது படிக்கும்போதே நின்றது,
அடியில் போர்வெல்.
அந்தத் தண்ணியைக் குடித்துத்தான்.

பொய்த் தகவல்: ஆம்.
நீக்கப் பரிந்துரை: ஆம்.
சாயங்காலத்துக்குள் தூக்கிவிட்டார்கள்.
பல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போது
துணை வட்டாட்சியர் கேட்டார்:
"எல்லாம் மனசாட்சிப்படிதானேம்மா?"
சிரித்தேன்.
எப்போதும் போல
கை தானாக வாய்க்குப் போனது.

அவரிடம் சொல்லாத ஒன்று.
காலையில் அந்தப் படம் திரையில் விரிந்தபோது
கட்டங்கள் எதையும் திறக்கும் முன்
யாரென்று பார்க்கும் முன்
நாலாயிரத்து ஒன்றாவது ஆளாக
நானும் சிரித்தேன்.

அப்போது மட்டும்
கை
மௌஸின் மேலேயே இருந்தது.