சுமைச் சோதனை

கூவத்தின் குறுக்கே அறுபது மீட்டர்.
சிந்தாதிரிப்பேட்டைக் கரையோரம் போட்ட நடைபாதையிலிருந்து
மவுண்ட் ரோட்டின் முதுகுப்புறம் வரை.
கார் போகாது, பைக் போகக் கூடாது
(போகும், அது வேறு கதை).
கால்களுக்கு மட்டும் ஒரு பாலம்.

அகலம் ஏன் மூன்றரை மீட்டர் என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் கோப்பைக் காட்டியிருப்பேன்:
ஏழு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை
காலை எட்டிலிருந்து ஒன்பது வரை
இந்தக் கரையில் நின்று யாரோ ஒரு பையன்
ஐந்தைந்தாகக் கோடு கிழித்திருக்கிறான்.
பிரஸ்ஸுக்கு, லாட்ஜுக்கு, கண்ணாடிக் கடைக்கு,
ஆஸ்பத்திரி வார்டு கழுவ,
சீருடைக்கு ஊக்கு குத்திக்கொண்டே பள்ளிக்கு.
மொத்தம் எண்ணூற்றுப் பதினொன்று.
அத்தனை பேரும் வண்டிப் பாலத்தைச் சுற்றிப் போனவர்கள்.
'இவர்களுக்கு இருபது நிமிடம் மிச்சமாகும்'
என்று முடிகிறது அறிக்கை.

பணம் வருவதற்குள் வரைபடம் இரண்டு முறை மாறியது.
டெண்டர் ஒரு முறை செத்துப் பிழைத்தது.
நடுவில் ஒரு மழைக்காலத்தில்
கரையில் இருந்த வீடுகள் லாரியில் ஏறின:
கதவு, கட்டில், கேஸ் அடுப்பு,
கயிறு கட்டிய டி.வி.
பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடி, ஆறாவது மாடி.
காலியான இடத்தில் கல் பதித்தார்கள்,
பெஞ்சு போட்டார்கள்,
போட்டோ எடுத்துக்கொள்ள ஓர் இதயமும் வைத்தார்கள், தகரத்தில்.
எண்ணை மட்டும் யாரும் மாற்றவில்லை.

திறப்பதற்கு முன் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும்.
ஆயிரத்து அறுநூற்று எண்பது மணல் மூட்டை,
ஒரு பகல், ஓர் இரவு.
மூட்டை கட்ட வந்தவர்களில் சற்குணம் ஒருத்தி.
ரெண்டு பஸ் மாறி வருகிறாள்.
"தோ, அந்த பெஞ்சு கீதே, அங்கதான் எங்க அடிபம்பு"
என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மதியம் கேட்டாள்:
"இன்னாத்துக்கு மேடம் இம்மாம் மண்ணு?"
ஆளுங்க நின்னா தாங்குதான்னு பார்க்க.
"அப்ப ஆளுங்களையே நிக்க வெச்சா இன்னா?"
ஒரு நாள் முழுக்க யார் வந்து நிப்பாங்க?
"கூப்ட்டா வருவாங்க.
பஸ் காசு குடுப்பியா நீ?"

அதற்குப் பிறகு மூட்டைகளுக்குப் பேர் வந்துவிட்டது.
இது கன்னியப்பன், நேரா வெய்யி, சாய்வான்.
இது ரமீஜா, டெய்லர் மெஷினு பக்கத்துல உடு.
மார்கரெட்டு அக்காவுக்கு ரெண்டு மூட்டை போடு, ஒண்ணு பத்தாது.
பெயர் தெரியாத ஒடியா பையன்கள்
"கன்னியாப்பன், கன்னியாப்பன்" என்று
சிரித்துக்கொண்டே தோள் மாற்றினார்கள்.

ராத்திரி நான் அடியில் இருந்தேன்,
டார்ச்சும் அளவுமானியும் கொசுவத்தியும்.
ஆற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை,
மூக்குக்குத் தெரியும்.
எதிர்க்கரையில் ஒரு நகைக்கடை விளம்பரம்
அணைந்து அணைந்து எரிந்தது.
மேலே அவர்கள் தோளோடு தோள் ஒட்டி
பேசாமல் நின்றார்கள்.
பன்னிரண்டு மணிக்குப் பதினான்கு மில்லிமீட்டர் தாழ்ந்தது.
விடியும்போது பதினைந்து.
எழுதிக்கொண்டேன்.

மறுநாள் இறக்கினோம்.
பெயர்கள் இல்லை, எண்ணிக்கை மட்டும்.
கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டிய மணலை
சற்குணம் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினாள்.
ஆறு மணிக்குக் கூலியை எண்ணி வாங்கி
இடுப்பில் செருகிக்கொண்டு
வண்டிப் பாலத்தைச் சுற்றி நடந்தாள்.
மவுண்ட் ரோட்டில்தான் அவளுக்கு பஸ்.
எங்கள் பாலத்தில் இன்னும் தடுப்பு கட்டியிருந்தது;
அவிழ்க்க எனக்கு அதிகாரம் இல்லை.

பாரம் இறங்கினால் பாலம் பழைய மட்டத்துக்கு வர வேண்டும்.
வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக.
இரவு எட்டு மணிக்குக் கடைசி அளவு எடுத்தேன்.
இரண்டு மில்லிமீட்டர் மட்டும் திரும்பவில்லை.

அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான்.